மீன்கடை வேனின் அடிச்சட்டம்

பக்கிரிசாமி அந்த வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது திங்கட்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். கப்பல் சனிக்கிழமை காலையில்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. மலேயாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏழு வருஷம் லாரி ஓட்டியவன் அவன். பாதி மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்தியதும் தோட்டத்தில் லாரியை விற்றார்கள். ஓட்டியவனையும் அனுப்பிவிட்டார்கள். வேலை இல்லாதவர்களைச் செலவில்லாமல் ஊருக்கு அனுப்பும் பட்டியலில் அவன் பெயர், மனைவி புஷ்பவள்ளி பெயர், மூன்று வயது மகள் தனத்தின் பெயர் எல்லாம் ஏறிவிட்டன. பட்டியலைப் படித்த அன்று கூலிகளின் லயத்து வீடுகளில் அழுதவர்களும் உண்டு, அப்பாடா என்றவர்களும் உண்டு. இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இருவரும் மன்னார்குடிப் பக்கம் ஒரே ஊர். அவன் சேரி, அவள் மேலத்தெரு. அவளுடைய அண்ணன்மார் இருவரும் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணிகளாக இருந்தவர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் இவர்கள் மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட மறுநாளே அண்ணன்கள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நடுவில் வந்து நின்றதால் அன்று உயிர் தப்பியது. போன வருஷம் அந்த அண்ணன்கள் ஊர் திரும்பினார்கள். தோட்டம் மூடப் போகிறது என்ற செய்தி எப்படியோ அங்கே எட்டி, புஷ்பவள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டே வரி. 'கப்பலில் வருவதாகக் கேள்விப்பட்டோம். நாகப்பட்டினத்தில் காத்திருக்கிறோம்.'

கப்பலுக்காகப் பினாங்குக்கு வந்ததும் பக்கிரிசாமி, கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கும் டிப்போவில் தங்கவில்லை. தத்தோ கெராமாட்டில் காமாரியா என்ற மலாய்க்காரம்மா வீட்டின் பின்கட்டில் ஓர் அறை பிடித்தான். நாள் முழுக்க வேலை தேடி அலைந்தான். சூலியா தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த முகம்மது கனி மட்டும்தான் நின்று பேசினார். பாலிக் புலாவில் அவருக்கு ஒரு கிளைக்கடை இருந்தது. அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஆள் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டானாம். சொந்த வண்டியோடு வந்தால் வியாழக்கிழமையே ஏற்றலாம், வண்டி இல்லாத டிரைவர் தனக்கு எதற்கு என்றார். லேபர் ஆபீஸில் பட்டியல் எழுதும் கிராணியோ, வேலை கொடுத்தவரின் கடிதத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொண்டுவந்தால் பட்டியலில் பெயரை அடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அப்படித்தான் அவன் பிராங்கின் ரோட்டில் கமாலுதீனின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். ஊரில் இருந்த மற்ற பழைய வண்டிக் கொட்டகைகளை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவன் கையிலிருந்த காசுக்கு அங்கே சக்கரம்கூட வராது. இங்கே ஒரே ஒரு வேன் அவனுக்கு எட்டும் விலையில் நின்றது.

வெளியே பார்க்க வண்டி நன்றாகத்தான் இருந்தது. புதுப் பச்சைப் பெயிண்ட். எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் பின்கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. கேட்டதற்கு, துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் வியாபாரி ஆறு வருஷம் ஓட்டியது என்று கமாலுதீன் மறைக்காமல் சொன்னார். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, ஆறு வருஷம் இரும்பில் ஊறியிருக்கும்.

அவன் அவசரப்படவில்லை. முதலில் மட்கார்டுகளின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினான். கதவுகளின் கீழ் விளிம்பை நகத்தால் அழுத்தினான். பெயிண்டுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக இருந்தது, ஆனால் அது தகடு, மாற்றிவிடலாம். ஓட்டுகிறவர் காலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். மரத்தில் ஆணி இருந்த இடமெல்லாம் காவி நிற வளையம். அதுவும் போகட்டும். வண்டியின் உயிர் அடியில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வால்வரை நீளமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் மொத்த பாரத்தையும் தாங்குகின்றன. அவை நன்றாக இருந்தால் மற்றதை எல்லாம் கம்பியும் தகரமும் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கோணிச் சாக்கை விரித்துக்கொண்டு கீழே நுழைந்தான். சட்டம் முழுக்கத் தார் பூசியிருந்தது. ஒரு வாரத்துப் பூச்சு, விரலில் ஒட்டியது. ஸ்பேனரால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். இடப்பக்கச் சட்டம் டங், டங் என்று ஒலித்தது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் செத்துவிட்டது. ஈர மண்சுவரைத் தட்டியதுபோல் இருந்தது. திருப்புளியை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினான். இரும்புக்குள் திருப்புளி பாதிவரை இறங்கியது. இழுத்தபோது தாரில் நனைத்த கோணித் துணியும், மண்ணெண்ணெய் டின்னை வெட்டிய தகரமும், அதன் பின்னால் கைப்பிடித் துருவும் அவன் முகத்தில் கொட்டின.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு வலப்பக்கச் சட்டத்தைத் தட்டினான். சத்தம் சரியில்லை, ஆனால் திருப்புளி இறங்கவில்லை.

வெளியே வந்து கையை விரித்துக் காட்டினான். கமாலுதீன் அந்தத் துருவைப் பார்த்துவிட்டு வெற்றிலையை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"தார் நான் பூசல தம்பி. பூசினபடிதான் வந்துச்சு," என்றார். "நானும் சுரண்டிப் பாக்கல. பாத்திருந்தா இத வாங்கியிருக்க மாட்டேன்லா."

பக்கிரிசாமி நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

சாயங்காலம் புஷ்பவள்ளி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பாலிக் புலாவுக்குப் போக தெலுக் கும்பார் தாண்டி மலை ஏறி இறங்க வேண்டும், வளைவுக்கு வளைவு பள்ளம், அந்தச் சட்டம் நடுவில் முறிந்தால் வண்டி இரண்டாக மடங்கும் என்றான். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முறியாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டாள். அழுகியதை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து அறையலாம், ஆனால் துரு எதுவரை போயிருக்கிறது என்று வெட்டினால்தான் தெரியும் என்றான். முறியும் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று மறுபடி கேட்டாள்.

"நிச்சயமா எப்படிச் சொல்ல முடியும்?"

"அங்க நிச்சயம்," என்றாள் புஷ்பவள்ளி. "கப்பல விட்டு எறங்கினா என்ன நடக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது முறிஞ்சாலும் முறியலாம், நின்னாலும் நிக்கலாம். வாங்கிருங்க."

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் கொட்டகைக்குப் போனபோது கமாலுதீன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். துருவைப் பார்த்துவிட்டுப் போனவன் திரும்பி வந்தால் அவன் நிலைமை என்ன என்று வியாபாரிக்குத் தெரியாதா. அவர் விலையை ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. தானாகவே மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்றார் சாவியைக் கொடுக்கும்போது. "ஆள ஏத்தாத. சரக்கு போனா போகட்டும். பிள்ளைங்கள இதுல ஒக்கார வெக்காத."

கடலோரம் படகுகளுக்கு நங்கூரம் அடிக்கும் ஒரு சீனக் கொல்லரிடம் வண்டியைக் கொண்டுபோனான். கிழவர் பின்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, தாரைத் தீயில் காட்டி உருக்கி வழித்தார். அழுகல் ஒரு சாண் என்று பக்கிரிசாமி நினைத்திருந்தான். சுத்தியல் தட்டத் தட்ட அது இரண்டு சாண் ஆனது, மூன்று சாண் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் இரும்பு பழைய பலகாரம் மாதிரி பொடிந்து விழுந்தது. கிழவர் மலாயில், முடியாது, இதைக் கடலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போ என்றார். பக்கிரிசாமி போகவில்லை. பட்டறை வாசலில் குந்திக்கொண்டு, தெரிந்த மலாயில் தன் கதையைச் சொன்னான். அவனுக்கு அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. நாகப்பட்டினம் என்ற பெயர் கிழவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் காத்திருக்கிறார்கள் என்றதும் அவர் எழுந்து போய், உடைந்த சரக்குப் படகு ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த இரும்புப் பட்டையை இழுத்து வந்தார்.

செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க அடித்தார்கள். பக்கிரிசாமி துருத்தி ஊதினான். சூட்டில் சிவந்த ஆணிகளை இடுக்கியில் பிடித்து நீட்டினான். இடப்பக்கச் சட்டம் கடைசியில் நின்றது. தட்டிப் பார்த்தான், ஒலித்தது. வலப்பக்கத்துக்கு இரும்பும் இல்லை, நேரமும் இல்லை. அங்கேயும் தகடு மெலிந்து, ஓரிடத்தில் தோல் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் இரண்டு வளையங்களைப் போட்டு போல்ட் வைத்து இறுக்கினார்கள். பாதி பாரம் மட்டும் ஏற்று என்று கிழவர் சொன்னார். முதல் நாளே பாதி பாரம் ஏற்றுகிறேன் என்றால் கனி வேறு ஆளைப் பார்ப்பார் என்று பக்கிரிசாமிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்ததும் மண்டியில் இருபது மூட்டை அரிசியும் நாலு டின் எண்ணெயும் ஏற்றினார்கள். மூட்டை ஒவ்வொன்றும் உள்ளே விழும்போது அவன் முதுகுத்தண்டில் விழுவதுபோல் இருந்தது. முகம்மது கனி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பெயிண்ட் நல்லா இருக்கே என்றார். அவன் தலையாட்டினான்.

தெரு முனையில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள். தனத்தைக் காமாரியாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆளை ஏற்றாதே என்று கமாலுதீன் சொன்னதை அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னால என்ன ஆவுதுன்னு நீங்க ஓட்டிக்கிட்டே எப்படிப் பாப்பீங்க?" என்றாள்.

பாயான் லெப்பாஸ் வரை சமதரை. வண்டி ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு அவன் ஒரு மைலுக்கு ஒரு தடவை நிறுத்த, அவள் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து ஏறினாள். தெலுக் கும்பார் தாண்டி ஏற்றம் தொடங்கியது. கீழ் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து ஒரு முறுக்குச் சத்தம் வந்தது. அவன் உதடுகள் காய்ந்து ஒட்டிக்கொண்டன. புஷ்பவள்ளி பலகையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் பின்பக்கம் வலது பக்கமாகச் சாய்ந்தது. அவன் மலைச்சரிவோடு ஒட்டி நிறுத்தினான். அவள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு போல்ட் போயிருச்சு. சட்டம் விரிஞ்சிருக்கு. என் விரல் உள்ள போவுது."

அவனும் படுத்துப் பார்த்தான். மெலிந்த இடத்தில் குறுக்கே வெடிப்பு. மிச்சமிருந்த வளையம் ஒன்றுதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இனி இறக்கம். இந்த பாரத்தோடு இறங்கினால் முதல் வளைவிலேயே கதை முடியும். சரக்கைத் திருப்பிக்கொண்டு போனால் கடிதம் கிடையாது. அவன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். ஓட்டத் தெரிந்தவனுக்கு உள்ள வழி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வாய்விட்டு அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் பின்கதவைத் திறந்து, ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தானே இழுக்க ஆரம்பித்தாள். அவன் எழுந்து வந்தான். பத்து மூட்டைகளை இறக்கிச் சாலையோரம் இலைதழை பரப்பி அடுக்கினார்கள். வண்டிக்குள் இருந்த சங்கிலியைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டி, மரக்கட்டையைச் செருகி முறுக்கினான். பாதி பாரத்தை இறக்கிவிட்டு வந்து மீதியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அவளை மூட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

இறங்கும்போது வண்டி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூடவே நடந்துவந்த ஆடு மேய்க்கும் மலாய்க்காரர் ஒருவர் இரண்டு வளைவு வரை அவனோடு பேசிக்கொண்டே வந்தார். அவன் என்ன பதில் சொன்னான் என்று பிற்பாடு அவனுக்கு நினைவில்லை.

அவன் அந்தப் பக்கம் மறைந்து அரை மணி ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. புஷ்பவள்ளியிடம் வண்டியின் படுதா இருந்தது. அது எட்டு மூட்டைக்குத்தான் எட்டியது. மீதி இரண்டை இழுத்து நடுவில் ஏற்றி, படுதாவின் நுனிகளைக் கல் வைத்து அழுத்தி, காற்று தூக்கிய பக்கத்தில் தானே குப்புறப் படுத்துக்கொண்டாள். சாலையில் தண்ணீர் ஓடியது. மலைப்பக்கத்திலிருந்து மண் கரைந்து அவள் கால்மேல் வழிந்தது. ஒவ்வொரு இடிக்கும் கீழேயிருந்து வண்டி உருளும் சத்தமோ என்று காதைத் தீட்டினாள். அரிசி நனைந்தால் போயிற்று என்ற நினைப்பு கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அவன் வந்துவிட்டால் போதும், மூட்டை எல்லாம் ஆற்றோடு போகட்டும் என்று மாரியாத்தாளிடம் சொன்னாளாம்.

இரண்டரை மணி நேரம் கழித்து வெறும் வண்டி வளைவில் திரும்பி வந்தது. அவன் இறங்கி ஓடிவந்து அவளைத் தூக்கினான். குளிரில் அவள் பல் கிட்டியிருந்தது. ஒரு மூட்டையின் அடி மட்டும் நனைந்திருந்தது.

கிளைக்கடையில் இருபதையும் எண்ணி எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். எதற்கு இரண்டு நடை என்று கேட்டதற்கு, எஞ்சின் சூடாகிவிட்டது என்று பக்கிரிசாமி சொன்னான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முகம்மது கனி கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றரை மணிக்கு லேபர் ஆபீஸில் கிராணி மூன்று பெயர்களையும் சிவப்பு மையால் அடித்தார். மூன்று கோடு. பக்கிரிசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான். நகர்ந்து நில் என்று கிராணி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை கப்பல் போனது. பக்கத்து லயத்து வள்ளியம்மாவை வழியனுப்ப அவர்கள் வெல்டு கீ படகுத்துறைக்குப் போனார்கள். ஊரில் யாராவது கேட்டால் இவர்களைப் பார்க்கவே இல்லை என்று சொல்வதாக வள்ளியம்மா தானாகவே சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள்.

அங்கிருந்து பக்கிரிசாமி நேராக மண்டிக்குப் போனான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை நின்றபடி சொன்னான். தார், துரு, கோணித் துணி, மலைமேல் விரிந்த சட்டம், மழையில் கிடந்த அரிசி, ஒன்றையும் விடவில்லை. முகம்மது கனியின் முகம் கறுத்தது.

"ஏன் முந்தியே சொல்லல?"

"சொல்லியிருந்தா கடுதாசி குடுத்திருக்க மாட்டீங்க மொதலாளி."

"குடுத்திருக்க மாட்டேன்தான்." அவர் கணக்குப் புத்தகத்தை மூடினார். "இப்ப ஏன் சொல்ற? பேர்தான் அடிச்சாச்சே."

"திங்கக்கிழம மறுபடி இருபது மூட்டை ஏத்தச் சொல்வீங்க. ஏத்தினா நான் வீடு திரும்ப மாட்டேன். ஏத்தலன்னா வேல போயிரும். வேற என்ன செய்யுறதுன்னு எனக்குத் தெரியல."

கனி அவனை வைதார். பொய் சொல்லி வேலை வாங்கினவன் என்றார், பொண்டாட்டியை மலைமேல் மழையில் போட்டவன் என்றார். பக்கிரிசாமி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். கடைசியில் அவர் களைத்துப்போய் உட்கார்ந்தார். வலப்பக்கச் சட்டம் சரியாகும் வரை பத்து மூட்டைக்கு மேல் ஏற்றக்கூடாது, கூலியும் பாதிதான், அதற்குச் சம்மதம் என்றால் திங்கட்கிழமை வா என்றார். சம்மதம் என்றான்.

பாதிக் கூலியில் அறை வாடகையும் கஞ்சியும் மட்டும் நடந்தன. புஷ்பவள்ளி காமாரியாவோடு சேர்ந்து வீடுகளில் துணி துவைக்கும் வேலைக்குப் போனாள். ஒன்பது வாரம் கழித்துச் சீனக் கொல்லர் வலப்பக்கச் சட்டத்தையும் பிரித்தார். அதிலும் மூன்று சாண் அழுகல். அதுநாள் வரை தினமும் காலையில் பக்கிரிசாமி கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்து, முன்னிருந்து பின்வரை ஸ்பேனரால் தட்டிக் கேட்ட பிறகுதான் எஞ்சினைச் சுற்றினான். ஒரு நாளும் அவன் தனத்தை அந்த வண்டியில் ஏற்றவில்லை. அவள் அழுது அடம்பிடித்த நாட்களில்கூட.